வாய்தா தவறினால்: சென்னையில் பிடிவாரண்டும் ஜாமீன்தாரரும் வந்த வழி

கிரிமினல் வழக்கில் எதிரியாகச் சேர்க்கப்பட்டவர் வாய்தா நாளில் கோர்ட்டுக்கு வராவிட்டால், அவர் பெயரை மூன்று தடவை உரக்கக் கூப்பிடுவது வழக்கம். பதில் இல்லையென்றால் வழக்குக் கட்டில் ‘எதிரி ஆஜரில்லை’ என்று குறிப்பு ஏறும். அவர் சார்பில் மனுவும் இல்லாவிட்டால் பிடிவாரண்ட் பிறக்கும். சென்னையில் இந்த நடைமுறைக்கு நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. சட்டம் கூப்பிடுவது ஒரே ஓர் ஆளைத்தான். ஆனால் அந்த ஆள் இல்லாதபோது சம்மனை வாங்கிக்கொள்பவர், ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்திடுபவர், பத்திரத் தொகையைக் கட்ட நேர்பவர், ஜப்தியான சொத்தில் தன் பங்கைக் கேட்டு மனுப் போடுபவர் எல்லாரும் பெரும்பாலும் அவருடைய வீட்டார். வீட்டாருக்கு இதில் எவ்வளவு பொறுப்பு, எவ்வளவு பாதுகாப்பு என்பதை 1861 முதல் 2023 வரை அடுத்தடுத்து வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டங்கள் சிறிது சிறிதாக மாற்றி எழுதியுள்ளன.

அடையாற்றின் இரு கரைகள்

இன்று மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு மூன்றும் ஒரே நகரத்தின் பகுதிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குற்றவியல் நீதியைப் பொறுத்தவரை அவை ஒரே ஊராக இருக்கவில்லை. 1798இல் சென்னையில் ரெக்கார்டர் கோர்ட் ஏற்பட்டபோது பட்டணத்தின் எல்லையும் வரையறுக்கப்பட்டது. தெற்கே அடையாற்றின் தென்கரை, தென்மேற்கே லாங் டேங்க் என்ற நீண்ட ஏரியின் கரை என அந்த எல்லை போனது. மயிலாப்பூரும் சாந்தோமும் அதற்குள் இருந்தன. ஆற்றுக்கு அப்பால் இருந்த அடையாறும், ஏரிக்கு அப்பால் இருந்த மாம்பலமும் செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்கள். பிற்காலத்தில் தூர்க்கப்பட்ட அந்த ஏரியின் மேல்தான் 1920களில் தியாகராய நகர் எழுந்தது.

எல்லைக்குள் 1801 முதல் சுப்ரீம் கோர்ட்டும், 1862 ஆகஸ்ட் 15 முதல் உயர் நீதிமன்றமும் அதிகாரம் செலுத்தின. அங்கே நடந்தது ஆங்கில நாட்டு முறை. எல்லைக்கு வெளியே கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெகுலேஷன்கள் செல்லுபடியாயின. 1816ஆம் ஆண்டின் ரெகுலேஷன் ஒன்று கிராம மணியக்காரரையே ஊர்க் காவலுக்குத் தலைவராக்கி, கணக்குப்பிள்ளையையும் தலையாரியையும் அவருக்குத் துணையாக வைத்தது. ஒருவர் வீட்டில் இருக்கிறாரா, ஊரைவிட்டுப் போய்விட்டாரா என்பது எல்லாருக்கும் முன்னால் தலையாரிக்குத் தெரிந்திருக்கும்.

1861ஆம் ஆண்டின் முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மாகாணத் தலைநகரங்களுக்குப் பொருந்தவில்லை. அவற்றுக்கு 1875இலும் 1877இலும் தனிச் சட்டங்கள் வந்தன. நகருக்கும் வெளியூருக்கும் பொதுவான சட்டம் 1882இல்தான் ஏற்பட்டது. 1898இல் வந்த சட்டம் அதைத் திருத்தி எழுதி, எழுபத்தைந்து ஆண்டுகள் நிலைத்தது.

நகரத்தில் வழக்குகளை விசாரித்தவர்கள் பிரசிடென்சி மாஜிஸ்ட்ரேட்டுகள். ஆற்றுக்குத் தெற்கே இருந்தவர்களுக்குச் சைதாப்பேட்டை தாலுகா. அங்கே வரி வசூலிக்கும் வருவாய்த்துறை அதிகாரிகளே மாஜிஸ்ட்ரேட் அதிகாரத்தையும் வைத்திருந்தார்கள். 1949 முதல் சென்னை மாகாணம் நிர்வாகத்தையும் நீதித்துறையையும் படிப்படியாகப் பிரித்தது. மாம்பலம் 1920களிலும், சைதாப்பேட்டையும் அடையாறும் 1946இலும் மாநகராட்சி எல்லைக்குள் வந்தன. 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த 1973ஆம் ஆண்டுச் சட்டம் பிரசிடென்சி மாஜிஸ்ட்ரேட்டுகளைப் பெருநகர நடுவர்களாக்கியது. ஆர்-1 மாம்பலம், ஜே-2 அடையாறு போன்ற தென்சென்னைக் காவல் நிலையங்களின் வழக்குகள் சைதாப்பேட்டை கோர்ட் வளாகத்துக்குப் போவது இன்று ஊரறிந்த விஷயம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பெருநகர நடுவர் என்ற தனி வகுப்பையே விட்டுவிட்டது.

சம்மனை யார் வாங்குவது

ஒருவர் வாய்தாவுக்கு வரவில்லை என்று குற்றம் சொல்வதற்கு முன், வாய்தா நாள் அவருக்குத் தெரிவிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். எனவே எல்லா நடைமுறைச் சட்டங்களும் சம்மனிலிருந்தே தொடங்குகின்றன. சம்மனை உரியவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்பது பொது விதி. எவ்வளவு தேடியும் அவர் அகப்படாவிட்டால், குடும்பத்தைச் சேர்ந்த வயதுவந்த ஆண் ஒருவரிடம் ஒரு பிரதியைக் கொடுக்கலாம் என்றது 1898ஆம் ஆண்டுச் சட்டம். மாகாணத் தலைநகரங்களுக்கு மட்டும் அது ஒரு சலுகை தந்தது: அங்கே, கூடவே குடியிருக்கும் வேலைக்காரரிடமும் சம்மனைக் கொடுக்கலாம். ஆகவே மயிலாப்பூர் வக்கீல் வீடு ஒன்றில் சமையற்காரர் வாங்கிய சம்மன் செல்லும். ஆற்றைத் தாண்டி அடையாற்றில் அதே சம்மனை அண்ணனோ தகப்பனாரோதான் வாங்க வேண்டும். இரண்டு இடத்திலும் மனைவியிடமோ தாயாரிடமோ கொடுத்தால் செல்லாது.

வாங்க ஆள் இல்லாவிட்டால் வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒரு பிரதியை ஒட்டிவிட்டு வருவது அடுத்த வழி. இது 1898இலும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

1973ஆம் ஆண்டுச் சட்டம் வேலைக்காரர் விதியை எடுத்துவிட்டு, வேலைக்காரர் குடும்ப உறுப்பினர் ஆகமாட்டார் என்று விளக்கமும் எழுதியது. ஆண்தான் வாங்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவைத்தது. கணவர் வேலைக்குப் போயிருக்க, மகனும் ஊரில் இல்லாத வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தால், சட்டத்தின் கண்ணுக்கு அங்கே யாருமில்லை. 2023ஆம் ஆண்டுச் சட்டம் ‘ஆண்’ என்ற சொல்லை நீக்கியது. இப்போது குடும்பத்தில் வயதுவந்த யாரும் சம்மனைப் பெறலாம். மின்னணு வழியாகச் சம்மன் அனுப்பவும் அதே சட்டம் இடம் தருகிறது.

இந்த மாற்றம் சிறியதாகத் தோன்றினாலும், சென்னை போன்ற ஊரில் முகவரி அடிக்கடி மாறுகிறது. வாடகைக்குக் குடியிருப்பவர்கள் வீடு மாறுவார்கள். அடையாற்றங்கரைக் குடிசைகளில் வாழ்ந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடியேற்றப்பட்டன. வழக்குக் கட்டில் இருப்பது பழைய முகவரி. சம்மன் அங்கே போய்த் திரும்பினால், அடுத்து கிளம்புவது வாரண்ட்.

வாரண்டின் படிகள்

வராதவர்கள் எல்லாரையும் சட்டம் ஒரே தட்டில் வைத்ததில்லை. உடல்நலக் குறைவு, வீட்டில் சாவு, வெளியூர்ப் பயணம் என்று தக்க காரணம் இருந்தால், அன்றைய தினத்துக்கு மட்டும் ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்டு வக்கீல் மனுப் போடலாம். 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதலில் இப்படியொரு பொது வழி இருக்கவில்லை. 1923இல் சேர்க்கப்பட்ட 540-ஏ பிரிவும், எதிரிகள் ஒன்றுக்கு மேற்பட்டு இருந்த வழக்குகளுக்கே பயன்பட்டது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 317ஆவது பிரிவுதான் அதைத் தனி எதிரிக்கும் விரித்தது. ‘முந்நூற்றுப் பதினேழு போடுவது’ என்பது தமிழ்நாட்டு கோர்ட்டுகளில் அன்றாடப் பேச்சானது அதன் பிறகே. புதிய சட்டத்தில் அது 355ஆவது பிரிவு. காணொலி வழியாக வருவதும் நேரில் வருவதாகவே கொள்ளப்படும் என்ற விளக்கம் அதில் கூடியிருக்கிறது. பழைய எண் மாறினாலும் நீதிமன்ற வராந்தாவில் பேச்சுவழக்கு சட்டென மாறுவதில்லை.

மனு இல்லாமல் வராதிருந்தால் பிடியாணை. அதில் இரண்டு வகை. முதல் வகையில், கைது செய்யவரும் காவலரிடமே ஜாமீன் கொடுத்துவிட்டு, குறித்த நாளில் வருவதாக எழுதித்தரலாம். பிடியாணையின் மீதே இதற்கான குறிப்பை எழுதும் அதிகாரம் 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 76ஆவது பிரிவில் இருந்தது. இரண்டாவது வகையில், பிடிபட்டவரை நேரே நடுவர் முன் கொண்டுவர வேண்டும். ரிமாண்டா விடுதலையா என்பதை நடுவர் முடிவு செய்வார். எப்போது எதை அனுப்புவது என்று சட்டத்தில் வரிசை சொல்லப்படவில்லை. 2007இல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வரிசையைச் சொன்னது: முதலில் சம்மன், பிறகு ஜாமீனில் விடத்தக்க வாரண்ட், அதற்கும் வராவிட்டால்தான் ஜாமீனில் விட முடியாத வாரண்ட். 2022இல் சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் அது இன்னும் விரிந்தது. ஏழாண்டு வரை தண்டனையுள்ள வழக்குகளில், வாரண்ட் நிறைவேறுவதற்கு முன்பே மனுப் போட்டு அடுத்த வாய்தாவுக்கு வருவதாக உறுதி தந்தால், நேரில் வரச் சொல்லாமலேயே வாரண்டை ரத்துச் செய்யலாம் என்றது நீதிமன்றம்.

நடைமுறையில் வழக்கமான வழி ‘வாரண்ட் ரீகால்’ மனு. எதிரி தானே கோர்ட்டுக்கு வந்து, வராததற்குக் காரணம் சொல்லி, பிடியாணையைத் திரும்பப் பெறும்படி கேட்பார். கோர்ட் அதை ஏற்கலாம். புதிய பத்திரம் கேட்கலாம். முந்தைய ஜாமீனை ரத்துச் செய்து சிறைக்கும் அனுப்பலாம். 2006 வரை அந்தச் சிறை, 1837இல் கட்டப்பட்ட சென்னை மத்தியச் சிறை. அதன் பிறகு புழல். தானாக வந்தவருக்கும் போலீஸ் பிடித்துவந்தவருக்கும் நடுவர் பார்வையில் வித்தியாசம் உண்டு. ‘முதலில் கோர்ட்டுக்குக் கூட்டி வாருங்கள்’ என்று வக்கீல்கள் வீட்டாரிடம் சொல்வது இதனால்தான்.

கூட்டாளிகளில் ஒருவர் மட்டும் வராவிட்டால் வழக்கைப் பிரித்து மற்றவர்கள் மீது விசாரணை தொடரும். வராதவரின் பகுதி நெடுநாள் நிலுவை வழக்குகளின் பதிவேட்டுக்குப் போய், வாரண்ட் உயிரோடு இருக்கும்.

ஜாமீன்தாரரின் கையெழுத்து

ஜாமீனில் வெளியே வருபவர் தானும் ஒரு பத்திரம் எழுதுகிறார். அவருக்காக மற்றவர்களும் எழுதுகிறார்கள். 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிற்சேர்க்கையில் இருந்த படிவத்தில், எதிரி வராவிட்டால் இன்ன தொகையை இந்தியாவின் சக்கரவர்த்தினியான மகாராணிக்கு இழக்கச் சம்மதிப்பதாக ஜாமீன்தாரர் எழுதித்தர வேண்டும். இன்றைய படிவத்தில் மகாராணி இருந்த இடத்தில் அரசு இருக்கிறது. மற்றபடி வாக்குறுதி அதேதான்.

இந்த வாக்குறுதியைக் கொடுப்பது யார் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஜாமீன் உத்தரவுகள் காட்டுகின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் நிபந்தனைகள் இவை: குறித்த தொகைக்குச் சொந்தப் பத்திரம், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், பல உத்தரவுகளில் அவர்களில் ஒருவர் இரத்த உறவினர், இருவரும் பத்திரத்தில் புகைப்படம் ஒட்டி இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும், ஆதார் அல்லது வங்கிப் பாஸ்புத்தக நகலை நடுவர் வாங்கிக்கொள்ளலாம், எதிரி தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும். தலைமறைவானால் புதிதாக ஒரு வழக்கே பதிவு செய்யலாம். தாய், தந்தை, உடன்பிறந்தார் என யாராவது ஒருவர் அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சைதாப்பேட்டைக்கோ எழும்பூருக்கோ வருவது, இரண்டு ஜாமீன்தாரர், அவர்களில் ஒருவர் இரத்த உறவினர் என்ற நிபந்தனைகளால்தான்.

உறவினர் ஜாமீனாக நிற்பது எல்லாக் காலத்திலும் எளிதாக ஏற்கப்படவில்லை. 1978இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மோதி ராம் வழக்கில், கொத்தனாரான எதிரிக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்ட மாஜிஸ்ட்ரேட், அவருடைய சகோதரரை ஜாமீன்தாரராக ஏற்க மறுத்திருந்தார். சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்தது என்பதே காரணம். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த மறுப்பைத் தள்ளினார். தொலைதூர மாநிலத்தில் கைதாகும் ஒரு தமிழரோ மலையாளியோ உள்ளூர்ச் சொத்துக்காரர் ஒருவரை எங்கே தேடுவார் என்பது அவர் தீர்ப்பில் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. 2024இல் கிரீஷ் காந்தி வழக்கில் நீதிபதிகள் பி.ஆர். கவாயும் கே.வி. விசுவநாதனும் இன்னொரு பக்கத்தைப் பார்த்தார்கள். 13 வழக்குகளில் ஜாமீன் கிடைத்தும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜாமீன்தாரர் கிடைக்காததால் மனுதாரரால் வெளியே வர முடியவில்லை. ஜாமீன் போட முன்வருபவர் நெருங்கிய உறவினராகவோ பழைய நண்பராகவோதான் இருப்பார், அந்த வட்டம் சிறியது என்பதை ஏற்று, ஒரே ஜாமீன்தாரர்களைப் பல வழக்குகளுக்கும் பயன்படுத்த நீதிமன்றம் அனுமதித்தது.

உறவினர் கிடைக்காத இடத்தில் கூலிக்கு ஜாமீன் போடுபவர்கள் வந்து சேர்கிறார்கள். கோர்ட் வாசல்களில் இது பழைய தொழில். அதைக் கட்டுப்படுத்த 2005இல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்தம் 441-ஏ பிரிவைச் சேர்த்தது. ஏற்கெனவே எத்தனை பேருக்கு ஜாமீன் நிற்கிறார் என்பதை ஜாமீன்தாரர் எழுதித்தர வேண்டும்.

எதிரி வராமல் போனால் பத்திரம் பறிமுதலாகும். உடனே பணம் கட்ட வேண்டியதில்லை. ஏன் கட்டக்கூடாது என்று காரணம் கேட்டு ஜாமீன்தாரருக்கு முதலில் நோட்டீஸ் வரும். எதிரியைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்தினால், தொகையின் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. எதுவும் சொல்லாமல், பணமும் கட்டாமல் இருந்தால் அது அபராதம் போல் வசூலிக்கப்படும். வசூலாகாவிட்டால் ஜாமீன்தாரரை ஆறு மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 514ஆவது பிரிவில் இருந்த இந்த ஆறு மாதம் இன்றுவரை மாறவில்லை. எதிரி கைமீறிப் போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்தால், தன்னை விடுவிக்கும்படி ஜாமீன்தாரர் மனுப் போடலாம். கோர்ட் எதிரியை வரவழைத்து வேறு ஜாமீன்தாரரைக் கேட்கும். பத்திரம் பறிமுதலாவதற்கு முன் ஜாமீன்தாரர் இறந்துவிட்டால் அவருடைய சொத்தின் மீது பொறுப்பு இல்லை.

பிரகடனமும் ஜப்தியும்

வாரண்டுக்கும் அகப்படாதவரைத் தலைமறைவானவர் என்று அறிவிப்பது அடுத்த கட்டம். அறிவிப்பை அவர் வசிக்கும் ஊரில் எல்லாரும் காணும் இடத்தில் உரக்கப் படிக்க வேண்டும். வீட்டிலோ ஊரின் முக்கிய இடத்திலோ ஒட்ட வேண்டும். கோர்ட் கட்டடத்திலும் ஒரு பிரதி ஒட்ட வேண்டும். ஆஜராகக் குறைந்தது 30 நாள் அவகாசம். தெருவே கேட்கும்படி படிக்கப்படும் இந்த அறிவிப்பு உண்மையில் வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்குமானது.

வாரண்ட் எட்டாத இடமும் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் பக்கத்திலேயே இருந்தது. 1908இல் சென்னையில் ‘இந்தியா’ வார இதழ் மீது ராஜத்துரோக வழக்கு வந்தபோது, அதில் எழுதிவந்த சுப்பிரமணிய பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். இதழின் வெளியீட்டாளராகப் பதிவாகியிருந்த எம். சீனிவாசன் கைதாகி 5 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பத்து ஆண்டு கழித்து, 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் காலெடுத்து வைத்ததும் பாரதி கடலூர் அருகே கைதானார்.

அறிவிப்போடு சேர்த்துத் தலைமறைவானவரின் சொத்தை ஜப்தி செய்யலாம். சொத்து அவருடையதாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கூட்டுக் குடும்பத்தில் எது அவருடையது? 1923ஆம் ஆண்டுத் திருத்தம்தான் இதற்கு ஒழுங்கான வழி காட்டியது. ஜப்தியான ஆறு மாதத்துக்குள் வீட்டாரோ வேறு யாரோ தங்கள் உரிமையைக் கோரி மனுப் போடலாம், கோர்ட் அதை விசாரிக்க வேண்டும் என்ற உட்பிரிவுகள் அப்போது சேர்ந்தன. தலைமறைவானவர் இரண்டு ஆண்டுக்குள் திரும்பி வந்து, தப்பி ஓடவில்லை, அறிவிப்பு தெரியவில்லை என்று நிரூபித்தால் சொத்தோ அதன் விலையோ திரும்பக் கிடைக்கும்.

ஒளித்து வைப்பது தனிக் குற்றம். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் இதில் ஓர் உறவுக்கு மட்டும் விலக்குத் தந்தது: கணவனை மனைவியும் மனைவியைக் கணவனும் ஒளித்து வைத்தால் குற்றமில்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் அண்ணன் தம்பிக்கும் அந்த விலக்கு இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவும் இதே நிலையைத் தொடர்கிறது. அதே சமயம், தேடப்படுபவர் கிடைக்கவில்லை என்பதற்காக அவருக்குப் பதில் வீட்டாரைப் பிடித்து வைக்க இந்தக் குற்றவியல் நடைமுறைச் சட்டங்கள் எதுவும் இடம் தரவில்லை.

வராததே குற்றமான பிறகு

2006 வரை, ஜாமீனில் இருந்தவர் வராமல் போனால் அதன் பலன் பெரும்பாலும் ஜாமீன் ரத்து, பத்திரப் பறிமுதல், ஜப்தி என்ற அளவில் நின்றது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் வராமையையே குற்றமாக்கியது. ஜாமீனில் வந்தவர் போதிய காரணமின்றி ஆஜராகாவிட்டால் ஓராண்டு வரை சிறை. பிரகடனத்துக்கும் வராவிட்டால் மூன்று ஆண்டு வரை, கடுங்குற்றங்களில் பிரகடனப்படுத்தப்பட்ட குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டவருக்கு ஏழு ஆண்டு வரை. மூல வழக்கில் விடுதலை ஆனாலும் இந்தக் குற்றச்சாட்டு தானாக நீங்கிவிடாது. இப்போது இவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 269, 209ஆவது பிரிவுகள்.

மிகப் பெரிய மாற்றம் 2024இல் வந்தது. அதுவரை எதிரி தலைமறைவாக இருந்தால் சாட்சிகளின் வாக்குமூலத்தைப் பதிந்து வைக்கலாமே தவிர, தீர்ப்புச் சொல்ல முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு, பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனையுள்ள குற்றங்களில் பிரகடனப்படுத்தப்பட்டவரை அவர் இல்லாமலேயே விசாரித்துத் தண்டிக்க வழி செய்கிறது. அதற்கு முன் குறைந்தது 30 நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இரண்டு வாரண்ட், நாளிதழில் அறிவிப்பு, கடைசியாக வசித்த வீட்டிலும் காவல் நிலையத்திலும் ஒட்டுதல், குற்றச்சாட்டு வனைந்து 90 நாள் காத்திருப்பு ஆகியவை முடிந்திருக்க வேண்டும். எதிரிக்கு வக்கீல் இல்லையென்றால் அரசுச் செலவில் ஒருவர் வாதாடுவார். எதிரி வந்து ஆஜரானால்தான் மேல்முறையீடு. அதுவும் தீர்ப்பிலிருந்து மூன்று ஆண்டுக்குள்.

அந்த நிபந்தனைகளில் இன்னொன்றும் உண்டு. விசாரணை தொடங்கப்போவதை எதிரியின் உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் சம்மனை வாங்குபவர்களாக இருந்த வீட்டார், எதிரி இல்லாமல் நடக்கும் விசாரணையைச் சட்டப்படி அறிந்திருக்க வேண்டியவர்களாக இந்தப் பிரிவில் இடம் பெற்றிருக்கிறார்கள். அந்த விசாரணையில் வாதாடும் பொறுப்பையோ எதிரியைக் கொண்டுவரும் கடமையையோ அது அவர்கள் மேல் சுமத்தவில்லை. பணப் பொறுப்பு முன்போலவே, ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்திட்டவரோடு நிற்கிறது.